மேனேஜர் ஒற்றை விரலால் ஓட்டிய புரோகிராம்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம். அங்கே மாரிச்செல்வி ஒரு புரோகிராம் எழுதினாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தால் போதும், குவிந்து கிடக்கும் சாமி படமெல்லாம் காலண்டர் அளவுக்கு வந்துவிடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும்.

மேனேஜர் கனகசபாபதிக்கு அது பிடிக்கவில்லை. முதலாளியை வைத்துக்கொண்டே அவளிடம் சொன்னார்: “பட்டன்கூட இல்லாத இதை யார் சீண்டுவா? நீ கை வைக்காம என் மேக்ல ஓடணும். ஓடலைன்னா தூக்கிப் போட்டுடு.”

“சரி சார். நான் சொல்றேன், நீங்க அடிங்க.”

அவர் ஒற்றை விரலால் அடித்தார். முதலாளி கையிலிருந்த டீ ஆறுவதற்குள் முருகனும் லட்சுமியும் பிள்ளையாரும் ஒரே அளவில் வரிசையாக நின்றார்கள்.

“பூ, இவ்வளவுதானா? நானே செஞ்சுட்டேனே,” என்றார் மேனேஜர்.

“அதைத்தான் சார் சொல்ல வந்தேன். உங்களாலேயே முடியுதுன்னா, இனி யாராலதான் முடியாது?”

முதலாளி சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டு, “எல்லா கம்ப்யூட்டர்லயும் ஏத்திடும்மா,” என்றார்.