பட்டத்து யானை எடுத்த நாற்பது உருண்டை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் யாராவது மல்லுக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாத ஒரு நாட்டில், ராசாவுக்குத் தராசுப் பைத்தியம் பிடித்தது. கோயில் பொங்கலுக்கு வரும் வெல்ல உருண்டை சராசரியாக ஒரு சேர் எடை இருக்க வேண்டும், குறைந்தால் கொண்டுவந்த ஊருக்குப் பொங்கல் வெல்லம் தரும் மரியாதை இனி கிடையாது என்றார்.

ஆலைப்பட்டியார் பத்தாயிரம் உருண்டை கொண்டுவந்தார்கள். அரண்மனை விகடன் சடையன் பிறந்த ஊர் அது. அவனைக் கண்டாலே வயிறெரியும் அமைச்சர் மல்லையர், கூடைகளைக் கிளறி இளைத்த உருண்டை மூன்றைப் பொறுக்கி வந்து, மூன்றும் எடை குறைவு, ஊரே களவாணி என்று அவையில் வைத்தார்.

ஊர்த்தலைவி பொன்னுருவிக்கு முகம் சிவந்துவிட்டது. “கையால உருட்டுறது ராசா. ஒண்ணு கூடும், ஒண்ணு கொறையும். மொத்தத்துல ஏமாத்த மாட்டோம்” என்றாள்.

சடையன் வெளியே போய், காவலர்களில் குள்ளமான மூவரை அழைத்துவந்து நிறுத்தி, நம் படை முழுவதும் இவ்வளவு உயரந்தான் என்று ஊருக்கு அறிவிக்கலாமா என்று கேட்டான். ராசாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் பத்தாயிரத்தையும் நிறுக்கப் பொழுதில்லை, அந்தியில் பூசை.

“நீயும் பொறுக்காதே, அமைச்சரும் பொறுக்க வேண்டாம். எவர் பக்கமும் சாயாத ஒருவரை என் அரண்மனையில் காட்டு. அவர் எடுக்கட்டும்” என்றார்.

அப்படி ஓர் ஆள் எந்த அரண்மனையில் உண்டு? மல்லையர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

“இருக்கிறார் அரசே. வாசலில் கட்டிவைத்திருக்கிறீர்கள்” என்று சடையன் பட்டத்து யானையைக் காட்டினான்.

நிறுக்கும் முன்பே பேச்சை முடித்துக்கொண்டான். நாற்பது உருண்டை நாற்பது சேர் வரவேண்டும். அரைச் சேர் வரை முன்னே பின்னே போனால் கைவாகு. அதற்குமேல் குறைந்தால் தற்செயல் இல்லை, ஊரின் குற்றம், தன் தலையையும் எடுத்துக்கொள்ளலாம். ராசா ஒப்புக்கொண்டார். கண்ணைத் துணியால் மூடிய யானை, கூடை கூடையாகத் துழாவி நாற்பது எடுத்துக் கொடுத்தது. நாற்பத்தொன்றாவதை வாயில் போட்டுக்கொண்டது; அதை யார் தடுப்பது?

தராசு நின்றது. நாற்பது சேருக்குக் கால் சேர் குறைவு. பார்த்தீர்களா, குறைகிறது என்று மல்லையர் எழுந்துவிட்டார்.

“குறைகிறது ஐயா, மறுக்கவில்லை. களவு என்று சொல்ல இது போதாது. நிறுக்கும் முன்பே கோடு கிழித்தோம், நிறுத்த பிறகு அதை நகர்த்தக் கூடாது” என்றான் சடையன்.

ராசா வயிறு குலுங்கச் சிரித்தார். சடையனுக்குத் தன் கழுத்துச் சங்கிலி, யானைக்கு மல்லையர் பொறுக்கிய மூன்று உருண்டை, அதுவும் மல்லையர் கையாலேயே.

பொன்னுருவி முதல் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு நிமிர்ந்து நடந்தாள். மேளம் முன்னே போயிற்று. நாட்டின் பெயரைத்தான் மறைத்தேன், ஊரின் பெயரை மறைக்க மாட்டேன். ஆலைப்பட்டி. எங்கள் ஊர்.