நரியைப் பார்க்காமல் சொன்ன நரிக்கதை

ஒரு கருவேலங்காட்டில் கதை கட்டுவதில் கெட்டிக்கார முயல் ஒன்று இருந்தது. சாயங்காலம் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகள் எல்லாம் கரையில் உட்கார்ந்து அதன் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போகும்.

"உங்களுக்கு மட்டும் எப்படி முயலண்ணே கதை வருது?" என்று குரங்கு கேட்கும்.

"கண்ணை மூடுவேன். தானா வந்து விழும்," என்று முயல் பெருமையாகச் சொல்லும். நமக்கெல்லாம் கண்ணை மூடினால் தூக்கம்தான் வருகிறது.

முயலின் கதைகளில் கெட்டது எது நடந்தாலும் செய்வது நரிதான். ஏன், எதற்கு என்றெல்லாம் முயல் விளக்காது. "நரி தன் நரித்தனத்தைக் காட்டியது" என்று ஒரு வரி சொல்லும். கேட்பவர்கள் தலையாட்டிவிடுவார்கள். ஒரே வார்த்தையில் வேலை முடிந்தால் எந்தக் கதைக்காரன்தான் மெனக்கெடுவான்?

அந்தக் கோடையில் குளம் வற்றி, தண்ணீர் கலங்கலாகிவிட்டது. முயல் உடனே ஒரு கதை கட்டியது. அதில் நரி வேண்டுமென்றே குளத்தைக் கலக்கிவிட்டு ஓடியது. கதை முடிந்ததும் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அதை நிஜம் என்று நம்பிவிட்டார்கள்.

"நாளையிலிருந்து நரிக்கு இந்தக் குளத்துல தண்ணி கிடையாது. வந்தா முட்டித் தள்ளிடுவேன்," என்றது எருமை. அங்கே அது வைத்ததுதான் சட்டம்.

காட்டில் வேறு தண்ணீரே இல்லை. முயலுக்குப் பகீரென்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சும்மா கட்டிய கதை என்று சொன்னால் அப்புறம் யார் மதிப்பார்கள்?

மறுநாள் காலை, சேதி காதில் விழுந்த நரி முயலின் முள்புதருக்கு வெளியே வந்து நின்றது.

"நீ என்னை எப்பவாவது நல்லாப் பார்த்திருக்கியா?"

"உன் வாசனை வந்தாலே ஓடிடுவேன்," என்று உள்ளேயிருந்து முயல் நடுங்கியது.

"அப்புறம் என் மனசுல ஓடுறது உனக்கு எப்படித் தெரிஞ்சுது? அது என்ன நரித்தனம்? நான் நரி. நான் செய்றது எல்லாமே அதுதானே? இன்னிக்கு ஒரு நாள் என்னைப் பார். தள்ளி நின்னே பார். அப்புறம் என்ன வேணா சொல்லு."

முயலுக்கு வெட்கமாக இருந்தது. நல்ல தூரம் விட்டுப் பின்னாலேயே போனது. நரி கௌதாரியின் கூட்டில் இரண்டு முட்டைகளைத் திருடித் தின்றது. மயில் அகவியதும் பயந்து துள்ளியது. உதிர்ந்த இலந்தைப் பழங்களைப் பொறுக்கியது. அப்போது காலில் முள் குத்தி, குப்புற விழுந்தது. விழுந்ததும் அது காலைப் பார்க்கவில்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று முதலில் சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகுதான் முள்ளைப் பிடுங்கியது.

முயல் அப்படியே நின்றுவிட்டது. தான் விழுந்தாலும் அதைத்தானே செய்வோம் என்று தோன்றியது. இத்தனை கதையிலும் இது ஏன் வரவில்லை என்று தன் மேலேயே கோபம் வந்தது.

அன்று சாயங்காலம் முயல் கண்ணை மூடவில்லை. பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னது. முட்டை திருடியதைச் சொன்னபோது கௌதாரி கத்தித் தீர்த்தது. முள் குத்திய இடம் வந்ததும் குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது.

"கிளை முறிஞ்சு விழுந்தா நானும் அப்படித்தான் பார்ப்பேன்!"

எருமை சிரிக்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். குளத்தைக் கலக்கினது?"

முயல் இரண்டு அடி பின்னால் நகர்ந்தது. "அது நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னது, எருமையண்ணே. இன்னிக்கு மத்தியானம் கண்ணைத் திறந்து பார்த்தேன். நடுக்குளத்துல நீங்கதான் புரண்டுக்கிட்டிருந்தீங்க."

எல்லோரும் எருமையின் முதுகைப் பார்த்தார்கள். சேறு இன்னும் காயவில்லை. ஒரு முட்டு முட்டியிருந்தால் முயல் கதை அங்கேயே முடிந்திருக்கும். எருமை வாலை இரண்டு தடவை வீசியது.

"வெயில் தாங்கல," என்று முனகியது. பிறகு, "இனிமே கரையோரமாப் புரளுறேன். நரியும் வந்து குடிக்கட்டும். ஆனா கௌதாரி கூட்டுப் பக்கம் தலை காட்டக் கூடாது," என்றது.

நரி வந்து மூச்சு விடாமல் குடித்தது. முயல் எதிர்க்கரைக்குப் போய் நின்றுகொண்டது. நரியைப் புரிந்துகொண்டது உண்மைதான். அதற்காகப் பக்கத்தில் நிற்க வேண்டுமா என்ன?

நீதி: கதையிலே ஒருவரை உண்டாக்க நினைப்பவர், முதலில் கண்ணைத் திறந்து அவரைப் பார்க்க வேண்டும்.