சரணமா, சாணமா?

கடலோரத்தில் நாகபுரி என்று ஒரு பட்டணம். வெகுகாலத்துக்கு முன்னே அதைச் செந்தூரவர்மர் என்ற ராஜா ஆண்டுவந்தார். அவர் மனசு எந்த நேரத்தில் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் யானை தும்மியதற்காகப் பாகனைச் சிறையில் போட்டவர், மாலையில் அதே பாகனுக்கு முத்துமாலை போட்டார்.

அந்த ராஜாவின் சபைக்கு ஒருநாள் பொன்னுருவி வந்தாள். வாரச்சந்தையில் ஊராருக்கு ஓலை எழுதிக் கொடுப்பவள். அவளுடைய ஊர் மருதக்குடியில் கடல்நீர் புகுந்து வயலெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. கரை கட்டித் தரவேண்டும் என்று ஊரே கூடிச் சொல்ல, அவள் எழுதினாள். எழுதியவளே கொண்டும் வந்தாள்.

ஓலையை வாங்கியதும் ராஜாவின் முகம் மலர்ந்தது. "அடடா! முத்துக் கோத்தாற்போல் அல்லவா இருக்கிறது எழுத்து! நம் அரண்மனையில்கூட இப்படி எழுத ஆள் இல்லையே!"

பொன்னுருவிக்கு உள்ளம் பூரித்தது. ஆனால் பக்கத்தில் நின்ற கார்மேகப் பண்டிதருக்கு வயிறு எரிந்தது. அரண்மனையில் ஓலை எழுதுகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். ஓலையைக் கையில் வாங்கி, முதல் வரியை உரக்கப் படித்தார்:

"மன்னர் திருவடி சாணம்."

ராஜா சிங்காசனத்தை விட்டு எழுந்தார். "என் கால் சாணமா?"

"இல்லை மகாராஜா, 'சரணம்' என்றுதான் எழுதினேன்" என்றாள் பொன்னுருவி.

அவள் சொன்னது உண்மை. அந்தக் காலத்து எழுத்துமுறையில் 'ர' என்ற எழுத்தும், 'சா'வில் வருகிற துணைக்காலும் ஒரே வடிவம்தான். இரண்டுக்கும் ஒற்றைக் கோடு. சரணம் என்று எழுதினாலும் சாணம் என்று எழுதினாலும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும்.

"அந்தக் கோடு சில இடத்தில் ஆகாரம் என்ற உயிரின் அடையாளம், சில இடத்தில் ரகரம் என்ற உயிர்மெய். அக்கம்பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் படிக்கவேண்டும், மகாராஜா" என்றாள்.

கார்மேகப் பண்டிதர் சிரித்தார். "உயிரா உயிர்மெய்யா என்று படிக்கிறவன் தேடிக்கொண்டிருக்க வேண்டுமோ? மகாராஜாவைப் பழிப்பதாகப் படிக்க இடம் கொடுத்தாலே குற்றம்தான். அப்படி எழுதிய கையை வெட்டவேண்டும்!"

"வெட்டுங்கள்!" என்றார் ராஜா.

காவலன் நெருங்கினான். அந்தக் கையை வைத்துத்தானே அவளுக்குச் சோறு, ஊருக்குக் குரல்! ஆனாலும் பொன்னுருவி தலை குனியவில்லை.

"வெட்டட்டும் மகாராஜா. ஒரே ஒரு கேள்வி. இது எனக்கு மட்டும் சட்டமா, எழுதுகிற எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்! என் சட்டத்தில் பெரியவன் சின்னவன் கிடையாது."

"அப்படியானால் தங்கள் தலைக்கு மேலே பாருங்கள்."

சிங்காசனத்துக்கு மேலே ஒரு சந்தனப் பலகை. அதிலிருந்த எழுத்து கார்மேகப் பண்டிதர் தம் கைப்படச் செதுக்கியது. பொன்னுருவி கணீரென்று படித்தாள்:

"நரகபுரி மன்னர் வாழ்க!"

"நரகபுரியா? அப்படியென்றால் நான் எமனா?" என்று ராஜா அலறினார். காவலன் பண்டிதர் பக்கம் திரும்பினான்.

பண்டிதர் ராஜாவின் காலில் விழுந்தார். "ஐயோ மகாராஜா! அது 'நாகபுரி'! அந்தக் கோடு அங்கே உயிர்மெய் இல்லை, உயிர்! நம் ஊர்ப் பெயர் நாகபுரி என்று குழந்தைக்கும் தெரியுமே! முன்னே பின்னே பார்க்காமல் ஒற்றைக் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு படித்தால் எழுதியவன் என்ன செய்வான்?"

"இதைத்தானே நானும் சொன்னேன்" என்றாள் பொன்னுருவி. "திருவடி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சரணம் வருமா, சாணம் வருமா, பண்டிதரே?"

ராஜா பண்டிதரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இரண்டு பேர் கையும் பிழைத்தது, போங்கள்! பெண்ணே, உன் அறிவுக்கு என்ன பரிசு வேண்டும்? பொன்னா? பட்டா?"

"பரிசு வேண்டாம் மகாராஜா. பண்டிதர் முதல் வரியோடு நிறுத்திவிட்டார். முழு ஓலையையும் அவரே சபையில் படிக்கட்டும். அது போதும்."

கார்மேகப் பண்டிதர் நின்றபடி படித்தார். 'சரணம்' என்ற இடத்தில் ரகரத்தை அவர் உருட்டிய உருட்டில் சபையே சிரித்தது. ஆனால் உப்பேறிய வயலையும் பட்டினி கிடந்த வீடுகளையும் அவர் படிக்கப் படிக்கச் சிரிப்பு அடங்கிப்போயிற்று. ராஜா அங்கேயே கரை கட்ட உத்தரவிட்டார்.

நாலாம் நாள் முந்நூறு ஆட்கள் கூடையும் மண்வெட்டியுமாக மருதக்குடியில் வந்து இறங்கினார்கள். ஊரார் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "ராஜாவிடம் அப்படி என்னதான் பேசினாய், பொன்னுருவி?" என்று கேட்டார்கள்.

"நான் எங்கே பேசினேன்?" என்றாள் அவள், தலை நிமிர்ந்து. "எனக்காகப் பண்டிதர் பேசினார்."