மேகராயனின் கேணிக் கயிறு

முன்னொரு காலத்தில் ஆழ்கேணி நாட்டை மேகராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை, காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு, அவ்வளவுதான். அவன் சபையில் இரண்டு கட்சிகள். வெள்ளைத் தலைப்பாகை கட்டியவர்கள் பழவழிக் கட்சி. முன்னோர் செய்ததில் ஒரு துரும்பையும் அசைக்க விடமாட்டார்கள். சிவப்புத் தலைப்பாகை புதுவழிக் கட்சி. முன்னோர் செய்த ஒரு துரும்பையும் விட்டுவைக்க மாட்டார்கள். ஒரு கட்சி பொழுது விடிந்தது என்றால் மற்றக் கட்சி விளக்கை ஏற்றும்.

ஓர் ஆடி மாதம், மழை அளக்கும் காரியூரன் சபைக்கு வந்து கும்பிட்டான்.

"மகாராஜா, கல்தொட்டி வச்சு எங்கப்பனும் நானும் அம்பது வருஷமா மழையை அளக்குறோம். வருஷத்துக்குப் பத்துத் தடவை நிறைஞ்ச தொட்டி இப்ப ஆறு தடவைதான் நிறையுது. எங்க அஞ்சு ஊர்லயும் மிச்சம் இருக்கிறது கடைசி விதைநெல்லு. இந்த வெயில்ல விதைச்சா கருகிப் போயிடும். நெல்லுதான் போடணும்கிற கட்டளையைக் கொஞ்சம் தளர்த்துங்க. விதைநெல்லைப் பக்கத்து நாட்டுல குடுத்து, கொஞ்சத் தண்ணியில விளையுற வரகு மாத்திக்கிறோம்."

அவன் முடிக்கவில்லை, சிவப்புத் தலைப்பாகைத் தலைவர் துள்ளி எழுந்தார். "நாங்கள் அன்றே சொன்னோம்! ஆகவே மந்திரி பதவிகளையெல்லாம் எங்களிடம் கொடுங்கள். அடுப்புக்கு ஒரு வரியும் போடுங்கள்!"

வந்தது வினை. அதுவரை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த வெள்ளைத் தலைப்பாகைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவர்களுடைய தலைவர் பூதலராயர் எழுந்தார். அரண்மனைச் சடங்குகளெல்லாம் அவர் பொறுப்பு.

"பிரபு, மழை என்றால் கூடும், குறையும். தொட்டியைக் காட்டி வரி கேட்கிறார்கள். இவன் அவர்கள் ஆள்."

"நான் யாரு ஆளும் இல்லீங்க" என்றான் காரியூரன். யார் கேட்டார்கள்?

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஐந்து ஊரிலும் உடனே நெல் விதைக்கட்டும்! இவன் இங்கேயே காவலில் கிடக்கட்டும்!" குதிரைவீரன் ஓலையோடு புறப்பட்டான்.

அப்போது மந்திரி நெற்குன்றர் எழுந்தார். அவரும் வெள்ளைத் தலைப்பாகைதான். ராஜா அவர் பேச்சைக் கேட்கிறான் என்று பூதலராயருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல்.

"பிரபு, அந்தக் குதிரையை நான்கு நாள் நிறுத்துங்கள்."

"சொன்னது சொன்னதுதான்." எல்லாவற்றிலும் பேச்சு மாறுகிற ராஜா, இதில் மட்டும் மாறவில்லை.

நெற்குன்றர் பெருமூச்சு விட்டார். "சரி. தொட்டியை நம்ப வேண்டாம். நம் கட்சியே கும்பிடுகிற ஒன்றைக் கேட்போம். பாட்டனார் கயிறு!"

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ராஜாவின் பிறந்த நட்சத்திரத்தன்று, அவன் பாட்டன் முறுக்கிய கயிற்றால்தான் அரண்மனைக் கேணியில் நீர் இறைத்து அவனைக் குளிப்பாட்டுவார்கள். 'முப்பது முழத்தில் நீர் தரும் கேணி' என்று வருஷாவருஷம் வாழ்த்தும் பாடுவார்கள்.

பூதலராயர் மீசையை முறுக்கினார். "நல்ல யோசனை! அதே கேணி, அதே கயிறு. போன வருஷமும் குடம் நிறைந்துதானே வந்தது? எதுவும் மாறவில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?"

"அப்படியானால் இந்த வருஷம் பிரபு தம் கையாலேயே இறைக்கட்டும்" என்றார் நெற்குன்றர். பூதலராயரின் கை மீசையிலிருந்து இறங்கிவிட்டது.

நான்காம் நாள் பிறந்தநாள். மஞ்சள் துணி சுற்றிய கயிற்றை மூன்று பேர் தூக்கிவந்தார்கள். ராஜா குடத்தை இறக்கினான். இறக்கினான், இறக்கினான், கை வலித்தது.

"பாட்டனார் ஒற்றை ஆளாகத் தோளில் போட்டு வருவாராமே இந்தக் கயிற்றை?" என்றார் நெற்குன்றர். "பழங்கயிறு தேய்ந்து மெலியும். இது மட்டும் வருஷாவருஷம் கனக்கிறது, பிரபு. துணியைப் பிரித்துப் பாருங்கள்."

பிரித்தால், கறுத்த பழங்கயிற்றின் முனையில் புதுக்கயிறு, அதன் முனையில் இன்னொன்று. பன்னிரண்டு ஒட்டு. ராஜா தன் கையாலேயே அளந்தான். ஐம்பத்திரண்டு முழம்!

"பூதலராயரே, யார் கட்டியது?"

பூதலராயர் காலில் விழுந்தார். "நான்தான் பிரபு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் முதல்முறையாகக் குடம் நீரைத் தொடவில்லை. நல்ல நாளில் அபசகுனம் வேண்டாம் என்று ஒரு முழம் கட்டினேன். அதற்குள் சிவப்புத் தலைப்பாகைகள் மழை குறைகிறது என்று கூவ ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் வாயிலிருந்து வந்ததை நான் எப்படி ஒப்புக்கொள்வது? கட்சி மானம் என்ன ஆவது?"

நெற்குன்றருக்குக் கண் கலங்கிவிட்டது. "நானும் பழவழிதான் ஐயா, சாகும்வரை பழவழிதான். பாட்டனார் நமக்கு விட்டுப்போனது தண்ணீர். அதைக் காப்பதை விட்டுவிட்டுக் கயிற்றுக்கு மஞ்சள் துணி சுற்றிக்கொண்டிருந்தோமே!"

ராஜா பூதலராயரின் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னான். தன் முத்துமாலையை நெற்குன்றர் கழுத்தில் போட்டான். காரியூரனை விடுவித்தான். விதைக்க வேண்டாம் என்று வேறொரு குதிரையை விரட்டினான். சிவப்புத் தலைப்பாகைகள், "வென்றோம்!" என்று ஆர்ப்பரித்தார்கள்.

மறுநாள் குதிரை திரும்பியது. வீரன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "விதைச்சுட்டாங்க, மகாராஜா. ஓலை போன அன்னைக்கே, ராஜா சொல்லிட்டாருன்னு உங்க பேரைச் சொல்லி அஞ்சு ஊரும் விதைச்சிருச்சு. ஒரு மணி மிச்சம் இல்லை. மண்ணு கொதிக்குது. முளைச்சது கருகிக் கிடக்கு."

நெற்குன்றர் முத்துமாலையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்துவிடுங்கள்!" என்று ராஜா அலறினான்.

"கஞ்சிக்கு ஆச்சு மகாராஜா" என்றான் காரியூரன். "மழைக்கு என்ன செய்யப் போறீங்க?"

ராஜா வெள்ளைத் தலைப்பாகைகளைப் பார்த்தான். சிவப்புத் தலைப்பாகைகளைப் பார்த்தான். யாரும் வாய் திறக்கவில்லை. அந்தச் சபை கூடிய நாள்முதல் இரண்டு கட்சியும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

கஞ்சி கிடைத்தது, மழை வரவில்லை. புரட்டாசி பிறப்பதற்குள் ஐந்து ஊரில் மூன்று ஊர் காலியாகிவிட்டது. கதை அவ்வளவுதான்.