களிமண் வைக்காத கூடு

நெட்டிக்குளத்தங்கரை ஈச்சமரத்தில் செம்பன் என்ற தூக்கணாங்குருவி கூடு கட்டும் பட்டறை வைத்திருந்தது. அதற்கு நார் கிழித்துத் தருவது சில்லைக் குருவி. காற்றில் கூடு ஆடாமல் இருக்க உள்ளே களிமண் அப்ப வேண்டும். அதைத் தோண்டித் தருவது நண்டு.

பௌர்ணமிதோறும் மைனா பட்டறை பட்டறையாக வரும். "வர்ற மாசம் தொழில் எப்படி?" என்று கேட்கும். நம்பிக்கை உள்ளவர்கள் வெள்ளைக் கல் தருவார்கள், பயந்தவர்கள் கறுப்புக் கல் தருவார்கள். எல்லாவற்றையும் பாறைமேல் வரிசையாக வைக்கும்.

அந்த வருஷம் மழை தள்ளிப்போனது. குளம் கொஞ்சம் வற்றியது. பாறைமேல் ஏழு கறுப்புக் கற்கள்! அதைப் பார்த்ததும் செம்பன் பயந்துபோனது. கையில் ஐந்து கூடுகளுக்கு ஆர்டர் இருந்ததே, அது நினைவுக்கே வரவில்லை.

"எனக்கும் கறுப்பு!" என்று மைனாவிடம் சொன்னது. நேரே நண்டிடம் பறந்தது.

"அண்ணே, இனிமே மண் வேண்டாம்! காலம் சரியில்லை!"

"முட்டை வைக்கப்போற உன் சொந்தக் கூட்டுக்குமா?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்!"

சில்லையிடம் போய் நாரையும் நிறுத்தியது. சில்லையின் முகம் வாடிவிட்டது. "எனக்கே வேலை இல்லைன்னா புதுக்கூடு எதுக்கு? நான் சொல்லிவெச்ச கூட்டை விட்டுடு!" என்றது. சேதி பரவியதும் கூடு சொல்லிவைத்த மற்ற நான்கு பேரும் பின்வாங்கிவிட்டார்கள்.

அடுத்த பௌர்ணமியில் பாறைமேல் ஒரு வெள்ளைக் கல்கூட இல்லை.

"பாத்தியா, நான் பயந்தது சரியாப் போச்சு!" என்று செம்பன் நடுங்கியது.

"ஐந்து கூட்டையும் கெடுத்தது யாரு?" என்றாள் மனைவி.

மூன்றாம் நாள் மழைக்காற்று கிளம்பியது. மண் இல்லாத கூடு தாறுமாறாக ஆடியது. உள்ளே மூன்று முட்டைகள்! செம்பன் அலறிக்கொண்டு நண்டிடம் பறந்தது.

"அண்ணே! ஒரே ஒரு உருண்டை!"

நண்டு மண் தோண்டும் பள்ளம் தூர்ந்து கிடந்தது. மண் வாங்க ஆளில்லாமல் நண்டு வேறு குளத்துக்குப் போய் நான்கு நாளாகியிருந்தது.

செம்பன் திரும்பியபோது மனைவி வெறுங்கிளையில் உட்கார்ந்திருந்தாள். கீழே தண்ணீரில் கூடு மிதந்து போனது. மழை கொட்டியது. குளம் நிரம்பியது. செம்பன் பயந்த பஞ்சம் வரவே இல்லை.

கெட்ட காலம் செய்யும் சேதத்தைவிட, அது வந்துவிடுமோ என்று நடுங்கி நாமே வேலையை நிறுத்துவதால் வரும் சேதம் பெரிது.