மருந்து போன வழி

இது நான் நேரில் கண்டதில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். அவரும் கேட்டதுதான். கேட்டபடியே எழுதுகிறேன்.

"சாபிரா, நீ குடுத்த மருந்து கேட்கலைம்மா" என்றார் சூசைமாணிக்கம்.

கீழக்கரைப் பக்கம் ஒரு கடைத்தெருவில், மாடியில் இருந்தது சாபிராவின் கம்ப்யூட்டர் சென்டர். சூசைமாணிக்கம் பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். சாபிராவுக்கே பத்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். இப்போது வாரா வாரம் அவர் படியேறி வந்து அவளிடம் கம்ப்யூட்டர் பாடம் கேட்கிறார்.

"உட்காருங்க சார்."

"இங்க நீதான் டீச்சர். நீ முதல்ல உட்காரு."

அவள் உட்கார்ந்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

பள்ளிக்கு வந்திருந்த ஆறு கம்ப்யூட்டருக்கும் அவர்தான் பொறுப்பு. அவற்றில் வைரஸ் புகுந்திருந்தது. பிள்ளைகள் எழுதிவைத்த ப்ரோகிராமைத் திறந்தால் குப்பையாக ஏதோ வந்தது. இலவசமாகக் கிடைக்கும் ஆன்டிவைரஸ் ஒன்றை சாபிரா, பென்டிரைவ் வருவதற்கு முன் புழங்கிய ஃப்ளாப்பி ஒன்றில் போட்டுக் கொடுத்திருந்தாள். அதைத்தான் அவர் மருந்து என்றார்.

"திங்கட்கிழமை பிளஸ் டூ பிள்ளைகளுக்கு செய்முறைத் தேர்வு. அதுக்குள்ள சரியாகலைன்னா தேர்வை ராமநாதபுரத்துக்கு மாத்திடுவாங்க. பௌசியான்னு ஒரு பிள்ளை, அவளைப் பெத்த அத்தாவே அவளை அவ்வளவு தூரம் பஸ் ஏத்த மாட்டார். பாதிப் பிள்ளைக வராது. ஒரு வருஷம் போயிரும்மா."

"ஒரு வருஷத்தோட நிக்காது சார். அப்புறம் படிக்கவே விடமாட்டாங்க."

"அதான் கேட்கிறேன். ஓசியில கிடைக்கிறதாலதான் இப்படியோ? காசு குடுத்து வாங்கினாத்தான் கேட்குமோ?"

"வைரஸைக் கண்டுபிடிக்குதா?"

"கண்டுபிடிக்குது. அழிச்சாச்சுன்னும் சொல்லுது. மறுநாள் பார்த்தா மறுபடி இருக்கு."

"அப்ப நல்ல மருந்துதான்."

"நல்ல மருந்துன்னா ஏன் குணமாகலை?"

அவள் எழுந்தாள். ஜன்னல் பக்கம் போய்க் கீழே பார்த்து இரண்டு டீ சொன்னாள்.

அவருக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் பெண் வகுப்பிலும் இப்படித்தான். கேட்டதற்குப் பதில் வராது.

"நாங்களும் சும்மா இருக்கலை. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கம்ப்யூட்டர் ரூம் வாசல்ல டெட்டால் தெளிக்கச் சொன்னாங்க, தெளிச்சோம்."

"டெட்டால் எதுக்கு சார்?"

"எதுக்கும் ஆகாதுன்னு எனக்கும் தெரியும். மனசு கேட்கலை."

சாபிரா வந்த டீயைக் குடிப்பதுபோல் கிளாஸுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"சிரிக்காதே. இன்னும் கேளு. பிள்ளைகளை உள்ளயே விடலை. சாவி என் பையிலதான் இருக்கு. ஆறாவது மெஷின் புத்தம் புதுசு, இப்பதான் அட்டைப்பெட்டியிலேருந்து எடுத்தேன். யாரும் தொடலை. அதுலயும் இருக்கு."

"யாருமே தொடலையா?"

"யாருமே."

"நல்லா யோசிங்க."

"நான் மட்டும்தான். அதுவும் எதுக்கு, முன்கூட்டியே மருந்து போட்டு வைக்கலாம்னு."

சொன்ன பிறகு அது அவர் காதிலேயே ஒரு மாதிரி விழுந்தது.

"முதல் மெஷினுக்கு எப்படிப் போட்டீங்க?"

"ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்படியே ஃப்ளாப்பியைச் செருகினேன்."

"ரெண்டாவதுக்கு?"

"அதே ஃப்ளாப்பிதான்."

"மூணாவதுக்கு?"

"ஒண்ணுதானேம்மா குடுத்தே."

அவர் உட்கார்ந்தார்.

"அப்ப முதல் மெஷின்ல இருந்தது ஃப்ளாப்பில ஏறி, அதை நான் ஒவ்வொரு மெஷினா..."

அவள் டீயை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இல்லை. அப்படி நடக்க வழியில்லை. ஃப்ளாப்பில வெளியிலிருந்து எதுவும் ஏறக்கூடாதுன்னு பூட்டித்தானே வெச்சேன். இதோ பாரு."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன ஃப்ளாப்பி. அதன் மூலையில் நகத்தால் தள்ளுகிற மாதிரி சின்னக் கதவு ஒன்று. அது இறுக மூடியிருந்தது.

"நான் குடுக்கும்போது இது திறந்திருந்துச்சே சார்."

"ஆமா. நீ பூட்ட மறந்துட்டேன்னு நினைச்சு நான்தான் மூடினேன்."

சாபிரா கையை நீட்டி அதை வாங்கினாள். பிறகு அந்த ஃப்ளாப்பியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, புதிதாக ஒன்றைப் பிரித்து அதே ஆன்டிவைரஸை அதில் ஏற்றினாள். மூலையில் இருந்த கதவை நகத்தால் தள்ளினாள். ஓட்டை தெரிந்தது.

"இப்பப் பூட்டியாச்சு" என்று அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஓட்டை வழியாக எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது.

"ஓட்டையாவில்ல இருக்கு?"

"ஆமா சார். இப்ப இதைப் படிக்கத்தான் முடியும். இதுல எதையும் எழுத முடியாது, வைரஸும் ஏறாது. ஓடுற மெஷின்ல வைரஸும் ஓடிக்கிட்டிருக்கும், அதனால மெஷினை முழுசா அணைச்சுட்டு, இதைச் செருகி, அப்புறம் ஸ்விட்ச் போடுங்க. ஆறுக்கும் அப்படியே செய்யுங்க."

"திறந்தா பூட்டு. மூடினா திறப்பு."

"இதுல அப்படித்தான்."

"கணக்குல இப்படி வராதேம்மா."

"வரும் சார். மைனஸை மைனஸால பெருக்கினா பிளஸ்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. அன்னைக்கு எனக்கும் புரியலை."

"அப்புறம் புரிஞ்சுதா?"

"மார்க் வந்துச்சு சார்."

திங்கட்கிழமை தேர்வாளர் வந்தார். ஆறு மெஷினும் சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தன. முதல் மெஷின் முன்னால் பௌசியா உட்கார்ந்திருந்தாள். தேர்வாளர் தன் பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்து அதில் செருகப் போனார்.

சூசைமாணிக்கம் குறுக்கே கையை நீட்டினார். மேலிடத்திலிருந்து வந்த ஒருவரை அவர் அதுவரை மறித்ததில்லை.

"அதை ஒரு தடவை சோதிச்சுட்டுப் போடலாம் சார்."

"என் ஃப்ளாப்பியையா? ஏன், என்மேல சந்தேகமா?"

"என்மேலயே இருக்கு சார்."

தேர்வாளர் என்ன சொன்னார் என்று கேட்டேன். எனக்குச் சொன்னவருக்குத் தெரியவில்லை. அந்த வருஷம் தேர்வு அந்தப் பள்ளியிலேயே நடந்தது என்று மட்டும் சொன்னார். அதை என்னால் விசாரித்து உறுதிசெய்ய முடியவில்லை.

உறுதிசெய்ய முடிந்தது ஒன்றுதான். ஒரு கணக்கு வாத்தியார் எதற்காக அந்தக் கதவை மூடினார் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. பழைய சாமான் கடையில் தேடி, சின்ன ஃப்ளாப்பி ஒன்றும் அதற்கு முன்னால் புழக்கத்தில் இருந்த பெரிய ஃப்ளாப்பி ஒன்றும் வாங்கினேன். தெரிந்தவர்களிடம் கேட்டும் பார்த்தேன். சின்னதில், திறந்தால்தான் பூட்டு. பெரியதில் ஓரமாக ஒரு சிறு வெட்டு இருக்கிறது. அதன்மேல் காகிதம் ஒட்டி மூடினால்தான் பூட்டு. வாத்தியார் அதில் பழகியவராக இருக்கலாம்.