தண்ணீருக்கு நடை பழக்கிய ராஜா

கஜகேசரி ராஜா மேட்டிலிருந்த தன் அரண்மனை முற்றம் முழுக்கப் பளிங்கு பதித்தார். அதன்பின் மழைத்தண்ணீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் ஊர் ஓடைக்குள் பாய்ந்து கரையை அறுத்தது. வாத்து மேய்க்கும் வெள்ளச்சியின் குடிசையே போயிற்று. அவள் வந்து முறையிட்டாள்.

"தண்ணீரை மெதுவாக நடக்கச் சொல்! இல்லாவிட்டால் ஊரைவிட்டு ஓடு!" என்றார் ராஜா.

"அதற்கு ராஜநடை தெரியாதாம், மகாராஜா. தாங்கள் நடந்து காட்டினால் கற்றுக்கொள்ளுமாம்."

ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த மழையில் மீசையை முறுக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். வழுக்கி, உட்கார்ந்தபடியே சறுக்கி, ஓடையில் வாத்துகளுக்கு நடுவே போய் விழுந்தார்.

"ஏன் மகாராஜா, ஓடி வந்தீர்கள்?" என்றாள் வெள்ளச்சி.

"அந்தக் கல்லில் எவன் நிற்பான்?"

"தண்ணீரும் அதைத்தான் சொல்கிறது."

மறுநாளே பளிங்கைப் பெயர்த்துப் புல் நட்டார்கள். மழை மண்ணில் ஊறி, மிச்சம் ஆடி அசைந்து ஓடைக்கு வந்தது. ராஜா மட்டும் பல நாள் குப்புறப் படுத்தே ஆட்சி செய்தார்.